அப்புத்தளையச் சுத்திப் பாக்க மூணு நாள்: எத எப்ப பாக்கணும், ஏன் அந்த வரிசை

இலங்கை மலைநாட்டுல, பதுளை மாவட்டத்துல இருக்குற அப்புத்தளைக்கு வர்றவங்க பெரும்பாலும் மேப்பத் திறந்து வச்சுக்கிட்டு டவுனுக்குக் கிட்ட இருக்குறத மொதல்ல, தூரத்துல இருக்குறதக் கடைசியிலனு ஒரு வரிசை போட்டுட்டு வர்றாங்க. இங்க அது சரிவராது. இந்த ஊர்ல வரிசைய முடிவு செய்றது மூட்டம்தான்.

டவுன் ஒரு மலை முதுகு மேல உக்காந்திருக்கு, தெக்குப் பக்கம் நேரா கீழ தாழ்நிலத்துக்கு இறங்குது. வெயில் ஏற ஏற கீழ இருக்குற ஈரக்காத்து சூடாகி மலைய ஒட்டி மேல வரும், உச்சிக்கு வந்தவுடனே குளிர்ந்து மேகமா மாறிடும். அதனால ஒன்பது, பத்து மணிக்கு மேல உயரமான எந்த இடத்துல நின்னாலும் முன்னால வெள்ளையாத்தான் தெரியும். பதினொரு மணிக்கு லிப்டன் சீட்டுங்கிற மலையுச்சிக் காட்சி இடத்துல ஏறி நின்னு "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்"னு திரும்புறவங்கள வாராவாரம் பாக்கலாம். மனசு கேக்காமத்தான் இத எழுதுறேன்.

1. மொதல்ல மாசத்த முடிவு செய்ங்க

ஜனவரி கடைசியில இருந்து மார்ச் நடுப்பகுதி வரைக்கும் நல்ல காலம். காலையில வானம் தெளிவா இருக்கும், அருவிகள்லயும் முந்தின மழைத் தண்ணி கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஜூலையில இருந்து செப்டெம்பர் வரைக்கும் இந்த ஊவா மாகாணப் பக்கம் காய்ஞ்சு போய் காத்து அடிக்கும். தேயிலைக்கு அதுதான் நல்ல சீசன், காட்சியும் நல்லாத் தெரியும், ஆனா அருவிக்காக வர்றவங்க ஏமாந்து போவாங்க. ஏப்ரல்ல புதுவருச லீவுக்கூட்டம், அதோட பின்னேரமானா இடி மழை.

ஒக்டோபர் நடுவுல இருந்து டிசம்பர் வரைக்கும் வராதீங்கனுதான் சொல்லுவேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் மேல மலை சரிஞ்சது இந்தக் காலத்துலதான், 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்த சிதைச்சதும் இதே காலத்துலதான். மண்ணு முழுக்க தண்ணி குடிச்சு நிக்கிற நேரத்துல இந்தப் பாதைகள்ல பயணம் போறது உங்களுக்கும் ஆபத்து, உங்களத் தேடி வர வேண்டியவங்களுக்கும் ஆபத்து.

2. சனிக்கிழமைய நடுவுல வச்சு நாளப் பிரிங்க

அடிஷம் பங்களா, அதாவது துறவிகள் மடம், பொதுவா சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி லீவு) நாள், பாடசாலை லீவு நாள்லதான் திறந்திருக்கும். தேயிலை ஃபெக்டரியில ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்காது, இல்லாட்டி ரொம்பக் குறைவு. சாதாரண வாரத்துல ரெண்டும் ஒரே நாள்ல கிடைக்கிறது சனிக்கிழமை மட்டும்தான்.

அதனால வியாழன் சாயந்தரம் டவுனுக்கு வந்துடுங்க. வெள்ளி ஹோட்டன் சமவெளி (தேசியப் பூங்கா), சனி லிப்டன் சீட், ஃபெக்டரி, அடிஷம், ஞாயிறு தியலும அருவியப் பாத்துட்டு அந்தப் பக்கமாவே ஊருக்கு இறங்கிடலாம். வெள்ளிக்கிழமையில ஹோட்டன்ல கூட்டம் குறைவு, அது ஒரு கூடுதல் நன்மை.

தீபாவளி, தைப்பொங்கல், தோட்டத்துக் கோயில் திருவிழா நாள்கள்ல மலையில வேலை இருக்காது, ஃபெக்டரியும் ஓடாது. திருவிழாவப் பாக்கணும்னு வந்தா சந்தோசம், தேயிலை வேலையப் பாக்கணும்னா வேற வாரம் வாங்க. போயாவோட சேர்ந்த நீண்ட வார லீவும் வேணாம், ரூமும் கிடைக்காது, வேனும் கிடைக்காது.

3. எடுத்துட்டு வர வேண்டியது

நல்லா பிடிக்கிற சப்பாத்து. செருப்போட வர்றவங்க எல்லாரும் வழுக்குற எடம் ஒண்ணுதான், லிப்டன் சீட்டுல இருந்து இறங்குற குறுக்குப் பாதை.

ரெயின் கோட். குடை இங்க பிரயோசனப்படாது, முதுகு மேல அடிக்கிற காத்து அத மடக்கிப் போட்டுடும். ஸ்வெட்டரும் தலைக்கு ஒரு தொப்பியும் வேணும், ஹோட்டன்ல ஜனவரி பெப்ரவரியில விடியக்காலம் புல்லு மேல உறைபனி படியிற நாளும் உண்டு.

அட்டைக்கு ஒரு கட்டி சவக்காரம். காட்டுக்குள்ள போறதுக்கு முன்னால கணுக்கால்லயும் மேஸ் மேலயும் லேசா ஈரம் பண்ணித் தேச்சு விடுங்க, சித்தாலேப தைலம் இருந்தா அதையும் தடவலாம். கடிச்சுட்டா இழுத்துப் புடுங்காதீங்க, உப்பு இல்லாட்டி சவக்காரத் தண்ணி பட்டா அதுவா விழுந்துடும். இழுத்தா கடிச்ச எடம் புண்ணாகி நாளெல்லாம் அரிக்கும்.

டோர்ச், சில்லறைக் காசு, அடையாள அட்டை. ஹோட்டன்ல உள்நாட்டவங்களுக்கு ஒரு டிக்கட் விலை, வெளிநாட்டவங்களுக்கு அத விடப் பல மடங்கு கூடின விலை. கனடாவுல இருந்தோ லண்டன்ல இருந்தோ வர்ற சொந்தக்காரங்க தமிழ் பேசுறதால உள்ளூர் டிக்கட் கிடைக்கும்னு நினைச்சு வந்து கேட்டுல வாக்குவாதப்படுறாங்க, பாஸ்போர்ட்தான் கணக்கு, அதுக்கேத்த மாதிரி காசு வச்சுக்கோங்க.

4. முந்தின நாள் சாயந்தரமே வாகனம் பேசி வைங்க

விடிய நாலரைக்கு ரோட்டுல நின்னு கை காட்டுனா எதுவும் வராது. பஸ் இருக்கு, ஆனா அது தோட்டத்து ஆட்களோட வேலை நேரத்துக்கும் பள்ளிக்கூட நேரத்துக்கும் ஏத்த மாதிரி ஓடுறது, சூரியன் வர்ற நேரத்துக்கு இல்ல.

வியாழன் சாயந்தரம் ஸ்டேசன் பக்கம் போய் ஒரு டிரைவர்கிட்ட மூணு நாளுக்கும் சேர்த்துப் பேசுங்க. "அண்ணே, வெயிட்டிங்கும் சேத்து எவ்வளவு வரும்"னு மொதல்லயே கேட்டுடுங்க, பேச்சு அந்த எடத்துலதான் பெரும்பாலும் குழம்பும். தங்கியிருக்குற வீட்டுக்காரங்ககிட்ட விலைய விசாரிச்சுட்டுப் போனா இன்னும் நல்லது. ஹோட்டனுக்கு வேன் இல்லாட்டி கார், மத்த நாளுக்கு ஓட்டோ போதும்.

முக்கியமா அவர்கிட்ட பாதை எப்படி இருக்குனு கேளுங்க. எந்த வளைவுல மண்ணு இறங்கியிருக்கு, எந்தப் பாலத்துல வேல நடக்குதுங்கிறது போன்ல தெரியாது, அன்னைக்கு அந்த வழியா ஓட்டுனவருக்குத்தான் தெரியும்.

5. வெள்ளி: ஹோட்டன் சமவெளி

நாலரைக்குள்ள டவுன விட்டுடணும். பொரலந்தைப் பக்கமா ஒஹிய ஏறிப் போனா காலை ஆறு மணிக்கு கேட் திறக்குற நேரத்துக்குச் சரியா இருக்கும். கோச்சியில (ரயில்ல) ஒஹிய போய் இறங்கி நடக்கலாம்னு சிலர் திட்டம் போடுவாங்க. ஸ்டேசன்ல இருந்து மேல பதினொரு கிலோமீட்டர் ஏத்தம், நீங்க போய்ச் சேருறதுக்குள்ள 'உலக முடிவு'ங்கிற செங்குத்துப் பள்ளத்த மூட்டம் மூடியிருக்கும்.

கேட்டுக்குப் பக்கத்துல பையத் திறந்து பாப்பாங்க. பொலித்தீன் இருந்தா எடுத்துடுவாங்க, தண்ணிப் போத்தல் மேல சுத்தியிருக்குற லேபலக்கூட கிழிச்சுடுவாங்க. மான் அதத் தின்னு சாகுது, அதுக்காகத்தான். சாப்பாட்ட டப்பாவுல கட்டிட்டுப் போங்க, நேரமும் மிச்சம்.

உள்ள இருக்குறது ஒரு வட்டப் பாதை, சுமார் ஒன்பது கிலோமீட்டர். ஒரு எடத்துல ரெண்டாப் பிரியும், ஒண்ணு சின்ன உலக முடிவு வழியா உலக முடிவுக்குப் போகும், மத்தது பேக்கர் அருவிக்கு. கட்டாயம் உலக முடிவுப் பக்கமே மொதல்ல போங்க. அருவிய மூட்டத்துலயும் பாக்கலாம், 870 மீட்டர் அளவு செங்குத்தா இறங்குற பள்ளத்த மூட்டத்துல பாக்க முடியாது.

சின்ன உலக முடிவுல படம் எடுத்துக்கிட்டே அரைமணி நேரம் நின்னுட்டு, பெரியதுக்குப் போறப்ப காட்சி போயிடுச்சுனு சொல்றவங்க நிறைய. அங்க ஒரு நிமிசம் நின்னு நேரா நடங்க. ரெண்டு எடத்துலயும் விளிம்புல மண்ணு நம்பக்கூடியது இல்ல, ஈரத்துல புல்லோட சேர்ந்து வழுக்கும்.

பேக்கர் அருவியில இறங்கிக் குளிக்கக் கூடாது. தண்ணி அமைதியாத் தெரியும், அடியில இழுக்கும், ஆட்கள் செத்திருக்காங்க.

திரும்பி டவுனுக்கு வர மத்தியானமாகிடும். அன்னைக்கு வேற எதையும் வைக்காதீங்க, சூடா ஒரு பிளேன்டி குடிச்சுட்டு சீக்கிரம் படுங்க, ஏன்னா அடுத்த நாளும் இருட்டோட எழும்பணும்.

6. சனி விடியக்காலம்: லிப்டன் சீட், ஏறும்போது ஓட்டோ, இறங்கும்போது நடை

டவுன்ல இருந்து தம்பேதன்ன தேயிலை ஃபெக்டரி சுமார் பத்து கிலோமீட்டர், அங்க இருந்து உச்சிக்கு இன்னொரு ஏழு கிலோமீட்டர். உச்சி கிட்டத்தட்ட 1970 மீட்டர் உயரம். பெரும்பாலானவங்க பஸ்ல ஃபெக்டரி வரைக்கும் வந்து அங்க இருந்து நடந்து ஏறுறாங்க. ரெண்டு மணி நேரம் மூச்சு வாங்கி ஏறி முடிக்கும்போது மூட்டமும் கூடவே ஏறியிருக்கும்.

அத மாத்திப் போடுங்க. அஞ்சு மணிக்கு ஓட்டோவுல டவுன விட்டா சூரியன் வர்றதுக்கு முன்னால மேல நிக்கலாம். சின்னதா ஒரு டிக்கட் இருக்கும். ஓட்டோவ அங்கேயே திருப்பி அனுப்பிடுங்க, ஒரு வழிக்கு மட்டும்தான் பேசுனதுனா காசும் குறையும்.

வானம் சரியா இருந்தா தெக்க கடல் வரைக்கும் தெரியும். சூரியன் வந்தவுடனே திரும்பாதீங்க. ஏழு மணி போல வெளிச்சம் சாஞ்சு விழும்போதுதான் தேயிலை வரிசையும் மலை மடிப்பும் தனித்தனியாத் தெரியும், எனக்கு அந்த நேரம்தான் இந்த ஊரோட நல்ல நேரம். மேல கடையில தேத்தண்ணியும் ரொட்டியும் கிடைக்கும், சுடச்சுட சாப்பிட்டுட்டு ஏழரை போல இறங்க ஆரம்பிங்க.

இறங்குறப்ப பெரட்டு (காலையில ஆள் கணக்கெடுத்து வேல பிரிக்கிறது) முடிஞ்சு ஆட்கள் மலைக்கு வந்திருப்பாங்க, கொழுந்து எடுக்குறத போற வழியிலயே பாக்கலாம். ஏறும்போது இருட்டுல இது எதுவும் கிடைக்காது.

இருட்டுல தனியா நடந்து ஏறணும்னு ஆசைப்படாதீங்க. தேயிலைக்குள்ள சிறுத்தை நடமாட்டம் இருக்கு, காட்டுப்பன்னியும் வரும்.

7. இறங்கும்போது பாதைய விட்டு விலகாதீங்க

ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், நடுவுல குறுக்குப் படிகள் இருக்கும். ஆட்கள் நடந்து தேஞ்ச படியில மட்டும் இறங்குங்க. தேயிலைச் செடிக்குள்ள புகுந்து நேரா இறங்கலாம்னு தோணும், ஆனா செடிக்கு அடியில மழைத்தண்ணி ஓட வெட்டின கான் மறைஞ்சு கிடக்கும். மேல இருந்து பாத்தா பச்சையா ஒரே மட்டமாத் தெரியுற எடத்துல முழங்கால் வரைக்கும் உள்ள போயிடும், கால் முறியிறது இப்படித்தான்.

அடுத்தது குளவி. தோட்டத்துல வேல செய்றவங்க குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போறது இங்க அடிக்கடி நடக்குற விசயம், உயிரே போயிருக்கு. மரத்துலயோ பாறை இடுக்குலயோ கூடு தெரிஞ்சா சத்தம் போடாம விலகிப் போங்க. கல் எறியாதீங்க, பக்கத்துல நெருப்பு மூட்டாதீங்க, டிரோன் பறக்க விடாதீங்க. நீங்க கலைச்சுட்டு ஓடிப் போயிடுவீங்க, அங்கேயே நின்னு வேல செய்றவங்கதான் கொட்டு வாங்குவாங்க.

8. ஃபெக்டரிக்கு காலையிலேயே நுழையுங்க

ஒன்பதரை, பத்துக்குள்ள தம்பேதன்ன ஃபெக்டரிக்கு வந்துடுவீங்க. நேரம் முக்கியம். பகல்ல எடுத்த கொழுந்து ராத்திரி முழுக்க தட்டுல காத்து பட்டு வாடும், விடியக்காலம்தான் அத உருட்டுவாங்க, அதுக்கப்புறம் நிறம் மாற விட்டு, காய வச்சு, சலிப்பாங்க. காலையில போனா எல்லாக் கட்டமும் ஓடிக்கிட்டு இருக்கும், வாசமும் வேற. மூணு மணிக்குப் போனா பல மெசின் நின்னுருக்கும்.

உள்ள விடுவாங்களா, அன்னைக்கு வேல ஓடுதானு வாசல்ல கேட்டுட்டுப் போங்க. திரும்புறதுக்கு ஃபெக்டரிக்குக் கிட்டயே டவுன் பஸ் கிடைக்கும்.

9. தோட்டத்து ஆட்கள்கிட்ட நடந்துக்குற முறை

இதத் தனியாச் சொல்லியே ஆகணும். கொழுந்து எடுக்குற அக்காமாருக்கு ஒரு நாளைக்கு இத்தன கிலோனு கணக்கு இருக்கு. அவங்கள நிறுத்தி, கூடைய வாங்கி மாட்டி, பத்துப் பேரு மாறி மாறி படம் எடுத்தா அந்த நேரமும் அந்தக் கிலோவும் அவங்களுக்குத்தான் நட்டம். எடுக்கணும்னா "அக்கா, வணக்கம், ஒரு படம் எடுத்துக்கலாமா"னு மொதல்ல கேளுங்க. வேணாம்னு தலையாட்டுனா நகர்ந்துடுங்க. எடுத்தா கையில ஏதாவது குடுங்க, அது பிச்சை இல்ல, அவங்க நேரத்துக்கான காசு.

லயம் பாக்குற இடம் இல்ல. அது மனுசர் குடும்பத்தோட இருக்குற வீடு. வாசல்ல நின்னு உள்ள கேமரா நீட்டுறத நம்ம ஆட்களே செய்யும்போது ரொம்ப வேதனையா இருக்கு. கூப்பிட்டா போங்க, தேத்தண்ணி குடுத்தா குடிங்க, பேசுங்க. பிள்ளைகளுக்கு டொபி காசு நீட்டிப் பழக்காதீங்க, அப்புறம் அதுங்க பள்ளிக்கூடம் விட்டு ரோட்டுல நிக்கும்.

தோட்டத்து ரோட்டுல வோச்சர் (காவலாளி) நிறுத்திக் கேட்டா நின்னு பதில் சொல்லுங்க, "ஐயா, லிப்டன் சீட்டுக்குப் போறோம்"னா விட்டுடுவார்.

10. சனி பகல்: அடிஷமும் தங்கமலையும்

மூட்டம் வந்த பிறகு காட்டுக்குள்ள போறதுதான் சரி. டவுன்ல இருந்து மேற்க சுமார் மூணு கிலோமீட்டர்ல அடிஷம், பெனடிக்ட் சபைத் துறவிகள் இருக்குற மடம். சத்தமில்லாம நடக்கணும், உள்ள படம் எடுக்கக் கூடாது. அவங்க செய்ற ஜேம் வாங்கலாம், நல்லா இருக்கும்.

பக்கத்துல தங்கமலை சரணாலயம். பறவை பாக்குறவங்க விடியலத்தான் விரும்புவாங்க, நமக்கு பகல்ல ஒரு மணி நேரம் நிழல்ல நடந்தாலே போதும். சவக்காரம் இங்கதான் வேலைக்கு ஆகும். மழை தூறுனா உள்ள போகாதீங்க, வேரெல்லாம் வழுக்கும்.

11. ஞாயிறு: தியலும, மேல இருந்து கீழ

220 மீட்டர் உயரம், நாட்டுலயே ரெண்டாவது. பெரகல சந்தியில இருந்து வெல்லவாயப் பக்கம் இறங்குற ரோட்டுல, கொஸ்லந்தை தாண்டி ஆறு கிலோமீட்டர் போல. கீழ ரோட்டுல நின்னே முழு அருவியும் தெரியும். மேல உள்ள தடாகங்களுக்குப் பூனாகலைப் பக்கம் மக்கல்தெனிய போய் அங்க இருந்து நடந்து இறங்கணும்.

மொதல்ல மேல, அப்புறம் கீழ. காலையில மேல வெயில் சுடாது, கூட்டமும் வந்திருக்காது. வெயில் ஏறுனா அந்தப் புல்வெளியில நிழலே கிடையாது. ஊர்ப் பொடியன் ஒருத்தர கைடா கூட்டிட்டுப் போங்க, புல்லு உயரமா நிக்கிற காலத்துல பாதை தெரியாது.

ஈரப்பாறையில சப்பாத்தோட நிக்காதீங்க, விளிம்புப் பக்கத்துத் தடாகத்துல இறங்கவே வேணாம். மேல எங்கயோ மழை பெய்ஞ்சா இங்க வெயில் அடிக்கும்போதே தண்ணி கூடும். தண்ணி கலங்கலா மாறுனா, இலை குச்சி வர ஆரம்பிச்சா, சாமான எடுக்க நிக்காம உடனே கரை ஏறுங்க.

அப்படியே ரோட்டுக்கு இறங்கிட்டா வெல்லவாய பஸ்ஸும் கிடைக்கும், திரும்ப பெரகல வந்து கொழும்புப் பக்கமும் போகலாம். கொழும்புப் பக்கம் போறவங்களுக்கு நேரம் இருந்தா ஹல்துமுல்லை தாண்டி கலுபஹன சந்தியில திரும்பி பம்பரகந்தையும் பாத்துடலாம். 263 மீட்டர், நாட்டுலயே உயரமானது அதுதான்.

12. கோச்சிய எங்க சேக்குறது

இதல்கஸ்ஹின்ன வரைக்கும் ஒரு சின்னப் பயணம் அழகா இருக்கும், ஸ்டேசன்ல நின்னா ரெண்டு பக்கமும் பள்ளம் தெரியும். ஆனா கோச்சிய நம்பி அன்னைக்கு வேற எதையும் அடுக்காதீங்க, நேரம் பிந்துறது சாதாரணம். டித்வாவுல மலைநாட்டுப் பாதை பல எடத்துல சேதமாச்சு, அதனால எந்த எடம் வரைக்கும் ஓடுதுனு கிளம்புறதுக்கு முன்னால ஸ்டேசன்ல கேட்டுடுங்க. ரிசர்வ் சீட் வேணும்னா ஒரு மாசம் முன்னாலயே பாக்கணும்.

தண்டவாளத்துல நடக்காதீங்க, சுரங்கத்துக்குள்ள ஒதுங்க எடம் இல்ல. கதவுல தொங்கி படம் எடுக்கப் போய் பாறையில அடிபட்டு விழுந்தவங்க இருக்காங்க.

13. மழை பிடிச்சுட்டா

ராத்திரி முழுக்க விடாம பெய்ஞ்சா காலையில எங்கயும் கிளம்பாதீங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைய மூணு நிறத்துல விடும், மஞ்சள்னா கவனமா இருக்கணும், செம்மஞ்சள்னா இடம் மாறத் தயாரா இருக்கணும், சிவப்புனா உடனே வெளியேறணும். மஞ்சள்லயே தியலுமவயும் பம்பரகந்தையையும் விட்டுடுங்க, ரெண்டுக்கும் போற ரோடு சரிவ ஒட்டித்தான் போகுது.

ரோட்டுல புதுசா வெடிப்பு, சாஞ்ச மரம் இல்லாட்டி போஸ்ட், சரிவுல இருந்து சேத்துத் தண்ணி ஊறுறதுனு எது தெரிஞ்சாலும் வண்டியத் திருப்பிடுங்க, கிட்டப் போய்ப் பாக்காதீங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. பள்ளப் பக்கம் சிக்னல் கிடைக்காத எடங்கள் நிறைய, அதனால எங்க போறீங்க, எத்தன மணிக்குத் திரும்புவீங்கனு தங்கியிருக்குற வீட்டுல சொல்லிட்டுப் போங்க.